மழைக் கணக்கும் வெள்ளச் சேதமும்

ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னரும், "இதுபோன்ற மழையை நாம் ஆயுளில் கண்டதில்லை" என்று கிராமத்து முதியோர் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் பொய் சொல்வதில்லை. எனினும் மனிதனுடைய ஞாபகம் ஐம்பது வருஷங்களுக்கு மேல் எட்டுவது அரிது. எட்டினாலும் அளவைக் கூட்டியோ குறைத்தோ சொல்லுமேயன்றி உள்ளபடி சொல்லாது. ஆற்றங்கரையை எத்தனை அடி உயர்த்துவது, ஏரிக் கலிங்கை எவ்வளவு அகலமாக்குவது, எந்த மாதத்தில் நாற்று விடுவது உசிதம், பயிர் நஷ்டத்துக்கு எவ்வளவு ஈடு தருவது ஆகிய கேள்விகளுக்கு ஞாபகத்தைக்கொண்டு விடை காண இயலாது. அதற்கு நாள்தோறும் அளந்து எழுதிய கணக்கு வேண்டும். அக்கணக்கு எழுதியவரிடமே தங்கிவிடாமல், வேண்டியவர் கைக்கு வந்துசேரவும் வேண்டும். இவ்விரண்டில் இரண்டாவதே நம் நாட்டில் கடினமாக இருந்து வந்திருக்கிறது.

பழைய கணக்குப் புத்தகங்கள் ஒரு மாகாணத்தின் கொள்கையையே திருப்பிவிட்டதற்கு நல்லதொரு திருஷ்டாந்தம் உண்டு. 1922-ஆம் வருஷம் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்து மிகுந்த சேதம் விளைவித்தது. அதை ஆராய்ந்த பொறியாளர் குழு, வெள்ள நீரைத் தேக்கி மெதுவாக வெளிவிடும் பெரிய தேக்கங்களை மிகுந்த பொருட்செலவில் கட்டவேண்டும் என்று கருதியது. அக்காலத்தில் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவரும், வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவருமான பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்களிடம் இந்த விஷயம் ஆய்வுக்கு வந்தது. அவர் ஏறக்குறைய ஐம்பது வருஷத்து மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் சேகரித்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். அந்தப் பிரதேசத்து வெள்ளத்தைத் தேக்கங்களால் தடுக்க முடியாது என்பதும், நீர் விரைவாக வடிந்துபோக வழி செய்வதே வேண்டுவது என்பதும் அதனால் வெளியாயிற்று. தேக்கம் கட்டியிருந்தால் பணமும் போயிருக்கும், வெள்ளமும் நின்றிராது.

நான்கு வருஷம் கழித்து, 1926-இல், ஒரிஸ்ஸாவில் பிராமணி நதி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. இம்முறை நிபுணர்கள் சொன்ன காரணம் வேறு: நதியின் படுகை வண்டல் படிந்து பல அடி உயர்ந்துவிட்டது, ஆகையால் கரைகளையும் அதற்கு ஏற்பப் பல அடி உயர்த்தவேண்டும் என்றனர். கேட்பவருக்கு இது மிகவும் நியாயமாகவே தோன்றும். நம் ஊர்களிலும் ஏரி நிரம்பி வழிந்தால் மண் மேடிட்டதே காரணம் என்று சொல்லுகிறோமல்லவா? மகலனோபிஸ் மீண்டும் பழைய ஏடுகளைத் தேடினார். சுமார் அறுபது வருஷத்து மழையளவும் நதியின் நீர்மட்டமும் கிடைத்தன. படுகை உயர்ந்திருந்தால், ஒரே அளவு மழைக்கு நீர்மட்டம் வருஷந்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் அக்கணக்கில் காணப்படவில்லை. படுகை இருந்தபடியே இருந்தது. நதியின் மேற்புறத்து நீர்ப்பிடிப்புப் பகுதியில் அளவு கடந்த மழை பெய்ததே வெள்ளத்துக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின் கரையை உயர்த்துவதால் பயன் சொற்பம்; மேல்பகுதியில் அணைகள் கட்டி மிகுதி நீரைத் தடுப்பதே வழி என்று அவர் எழுதினார். மகாநதி முதலிய நதிகளில் அணை கட்டி வெள்ளத்தைத் தடுப்பதோடு மின்சாரமும் எடுக்கலாம் என்று அவர் போட்ட ஆரம்பக் கணக்கு, பிற்காலத்தில் 1957-இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைக்கு முன்னோடியாக அமைந்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது மகலனோபிஸின் மேதை மாத்திரம் அன்று. அறுபது வருஷங்களுக்கு முன் எங்கோ ஒரு தாலுகாக் கச்சேரியில், மழைமானியில் விழுந்த நீரை அளந்து, கோடு போட்ட ஏட்டில் எழுதி வைத்த சிப்பந்தி ஒருவர் இருந்தார். தாம் எழுதும் எண் என்ன காரியத்துக்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது. மழை பெய்யாத நாளிலும் அவர் ஏட்டைத் திறந்து எழுதினார். அவ்வாறு எழுதினவர் பலர் இல்லாதிருந்தால், மகலனோபிஸ் எவ்வளவு பெரிய அறிஞராயினும் பொறியாளர்களின் அபிப்பிராயத்துக்கு எதிராகத் தம் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்க முடியுமேயன்றி வேறொன்றும் செய்திருக்க முடியாது.

கணக்குகள் நாடு கடந்து ஒன்றுசேர்ந்ததால் விளைந்த நன்மைக்கும் உதாரணம் உண்டு. 1864-ஆம் வருஷத்துக் கல்கத்தாப் புயலும், அதனை அடுத்த வருஷங்களில் நேர்ந்த க்ஷாமங்களும் காரணமாக, 1875-இல் இந்திய வானிலை இலாகா ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறு முறையில் அளந்து, வெவ்வேறு ஏட்டில் எழுதி வந்தனர். 1904 முதல் 1924 வரை அவ்விலாகாவின் தலைவராக இருந்த ஸர் கில்பர்ட் வாக்கர், பருவமழை தவறும் வருஷத்தை முன்கூட்டி அறியும் வழியைத் தேடினார். இந்தியாவின் கணக்கை மாத்திரம் பார்த்தால் புலப்படாது என்று கண்டு, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, பசிபிக் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து காற்றழுத்தம், உஷ்ணம், மழை ஆகியவற்றின் அளவுகளை வரவழைத்து, அவற்றை இந்திய மழையோடு ஒப்பிடச் செய்தார். பசிபிக் மகாசமுத்திரத்தின் மேல் அழுத்தம் ஏறும்போது இந்து மகாசமுத்திரத்தின் மேல் இறங்குவதும், அங்கு இறங்கும்போது இங்கு ஏறுவதுமாகத் தராசுத் தட்டுக்கள்போல் ஒரு அசைவு இருப்பதை அவர் கண்டறிந்தார். இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல் வெதும்பும் 'எல் நினோ' என்னும் நிகழ்ச்சியோடு இதற்குள்ள சம்பந்தம் 1969-இல் ஜேக்கப் ப்யெர்க்னஸ் என்பவரால் விளக்கப்பட்டது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். எல் நினோ வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை குறையும் இயல்புடையது. ஆனால் தமிழ்நாட்டுக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை அவ்வருஷங்களில் பெரும்பாலும் மிகுதியாகவே பெய்கிறது. 2015-ஆம் வருஷம் கடுமையான எல் நினோ வருஷம். அவ்வருஷ இறுதியில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. மறுவருஷம் நிலை மாறி, 2016-இன் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோயிற்று; 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. ஆகையால் வடநாட்டுப் பத்திரிகைகளில் "இவ்வருஷம் மழை குறையும்" என்று வரும் செய்தியை அப்படியே எடுத்துக்கொண்டு சம்பாப் பயிரைக் கைவிடுவது தவறாகும். இது நிச்சயமான விதியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடலின் நிலை ஒரு சாய்வைக் காட்டுகிறதேயன்றி, இன்ன தேதியில் இத்தனை மழை என்று உறுதி கூறுவதில்லை.

புயல் விஷயத்தில் கணக்குகளைப் பகிர்ந்துகொண்டதன் பலன் இன்னும் கண்கூடு. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி ஒரிஸ்ஸாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12-ஆம் தேதி அதே கரையில் கோபால்பூருக்கு அருகில் பைலின் என்னும் கடும் புயல் கடந்தபோது உயிர்ச்சேதம் ஐம்பதை எட்டவில்லை. காற்று இரக்கம் காட்டியதால் அன்று. செயற்கைக்கோள், ராடார், கடல் மிதவைகள், கப்பல்கள், அண்டை நாடுகளின் நிலையங்கள் ஆகிய எல்லாவற்றின் அளவுகளும் ஓரிடத்தில் சேர்ந்து, புயல் கரையேறும் இடம் பல நாட்களுக்கு முன்பே சொல்லப்பட்டது. சொன்னதை நம்பி மாநில சர்க்கார் பல லட்சம் ஜனங்களை முன்னதாகவே அப்புறப்படுத்தியது. இடைப்பட்ட வருஷங்களில் கட்டிய புயற்காப்பு மண்டபங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. எச்சரிக்கையும், நம்பிக்கையும், தங்க இடமும் மூன்றும் சேர்ந்தே பலன் தந்தன.

பயிரைப் பொறுத்தவரை இத்தனை நிம்மதி இன்னும் வரவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியதை முன்கூட்டியே அறிந்திருந்தோம். ஜனங்கள் முகாம்களுக்குச் சென்றனர். ஆனால் தென்னை மரத்தை முகாமுக்கு அழைத்துச் செல்ல முடியுமா? தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் ஒரு தலைமுறையாக வளர்த்த தோப்புக்கள் ஓர் இரவில் சாய்ந்தன. அதன்பின் எந்தச் சர்வே எண்ணில் எத்தனை மரம் இருந்தது, காய்க்கும் மரம் எத்தனை என்னும் கணக்கே நிவாரணத்துக்கு ஆதாரமாக வேண்டியிருந்தது.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். மழை என்பது ஊருக்கு ஊர் மாறுவது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாட் காலைவரை நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; அதே நேரத்தில் தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47. நகரத்து நிலையம் ஒன்றை மாத்திரம் பார்த்திருந்தால், ஏரியின் மேற்புறத்தில் நிகழ்வதை அறிந்திருக்க முடியாது. 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையில் முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் உள்ள திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பெய்தன. காயல்பட்டினத்தில் ஒரு மழைமானி இராதிருந்தால், அந்த 95 என்னும் எண் உலகுக்குத் தெரிந்தே இராது. பொறியாளர்கள் இனிமேல் கட்டும் பாலத்துக்கும் கலிங்குக்கும் 69-ஐயே உச்சமாகக் கொண்டிருப்பார்கள்.

ஆகவே மழைமானிகள் நெருங்கியிருப்பது அவசியம். வானிலை இலாகாவுக்கு நிலையங்கள் உண்டு. தாலுகா அலுவலகங்களில் மழைமானி உண்டு. அணைகளில் பொதுப்பணிப் பொறியாளர்கள் தனியே அளக்கின்றனர். விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் தனியே அளக்கின்றன. மலைத் தோட்டத்துத் துரைமார் காலத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களில் தினசரி மழை எழுதும் வழக்கம் இருந்து வருகிறது. இவ்வளவும் இருந்தும், ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் பயன் என்ன? அணைக்குப் பொறுப்பான அதிகாரி, அணைக்குள் வந்த நீரைப் பார்த்து மதகைத் திறக்கிறார். அணைக்குக் கீழே உள்ள நூறு ஏரிகளின் கலிங்குகளும் அதே நேரத்தில் அதே ஆற்றில் விழுகின்றனவா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதிக் கிராமத்தாருக்கும், திறந்த பிறகு சொல்லாமல் திறக்கும் முன் சொல்ல வேண்டும். சில அலுவலகங்களில் பழைய ஏடுகளைக் கேட்டால் இரகசியம் கேட்டதுபோல் திகைக்கிறார்கள். மழை பெய்ததை ஊரெல்லாம் கண்டிருக்க, அதன் அளவை மாத்திரம் பீரோவில் பூட்டி வைப்பதில் என்ன காப்பாற்றப்படுகிறது என்பது நமக்கு விளங்கவில்லை.

நாடுகளிடையிலும் இந்த இடையூறு உண்டு. பிரமபுத்திரா நதியின் மேற்பகுதி நீர்மட்டத்தை வெள்ள காலத்தில் இந்தியாவுக்குத் தெரிவிப்பதாக 2002-இல் சீனாவோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2017-இல், எல்லைத் தகராறு மூண்டிருந்த வருஷத்தில், அத்தகவல் வரவில்லை. அஸ்ஸாம் விவசாயிக்கும் எல்லைத் தகராறுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வெள்ளம் மாத்திரம் அவன் வயலுக்கே வரும்.

கிராமத்தில் மழைமானி வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அதனை மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைப்பது வீண். அருகிலுள்ள மரம் அல்லது கட்டடம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்த வெளியில், வாய் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் இருக்குமாறு மட்டமாக வைக்க வேண்டும். தினமும் காலை 8-30 மணிக்கு அளந்து, அளந்த தேதியிலேயே எழுத வேண்டும். அது முந்திய 24 மணி நேரத்து மழையாகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,047 லிட்டர் நீர் என்பதை நினைவில் வைத்தால், சிறு பின்னங்களையும் அலட்சியம் செய்யத் தோன்றாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மழையில்லாத நாளன்று பூஜ்யம் எழுதுவது. பலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வெற்றிடம் என்றால் மழை இல்லையா, அளக்க ஆள் இல்லையா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. வறட்சி நிவாரணம் கோரும் காலத்தில் இந்த வேற்றுமை மிகவும் பெரிதாகிவிடும். தொடர்ச்சியாக நாற்பது பூஜ்யங்கள் ஒரு சாட்சி. நாற்பது வெற்றிடங்கள் எதற்கும் சாட்சியாகா. அளக்கத் தவறிய நாளில் "அளக்கவில்லை" என்றே எழுதுவது நன்று. ஊகித்து ஓர் எண்ணை நிரப்புவது, ஏடு முழுவதையுமே நம்பத்தகாததாக ஆக்கிவிடும்.

கர்ணம் பதவி 1980-இல் நீங்கிவிட்டாலும், கர்ணம் எழுதிய அடங்கல் நீங்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு விஸ்தீரணம் என்பது பிழையின்றி இருந்தால்தான், பயிர்க் காப்பீடும் நிவாரணமும் உரியவரைச் சேரும். சாகுபடி செய்யாத நிலத்தைச் செய்ததாகவும், உளுந்தை நெல்லாகவும் எழுதச் சொல்லி அலுவலரை நெருக்குவோர் சிலர் உண்டு. அதனால் அந்தத் தனி மனிதருக்கு ஒரு வருஷம் சிறிது லாபம் கிடைக்கலாம். கிராமம் முழுவதற்கும் பல வருஷம் நஷ்டம் நேரும். எவ்வாறெனில், 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்குத் தனி வயலின் விளைச்சலை அல்ல, வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலையே பார்க்கிறார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில், ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை அறுத்து நிறுத்து, அச்சராசரி காணப்படுகிறது. முந்தைய ஏழு வருஷ விளைச்சலிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத அளவைவிட அது எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்திலேயே ஈட்டுத்தொகை.

உதாரணமாக, ஒரு கிராமத்தின் பழைய சராசரி ஏக்கருக்கு 2,000 கிலோ என்றும், உத்தரவாத விகிதம் நூற்றுக்கு 80 என்றும், காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உத்தரவாத விளைச்சல் 1,600 கிலோ. வெள்ளத்தால் இவ்வருஷம் 1,200 கிலோவே கண்டால், குறைவு 400. அதாவது கால் பங்கு. ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரும். அதே கிராமத்தில், நல்ல விளைச்சல் கண்ட வருஷங்களிலும் ஈட்டுத்தொகை கிடைக்கட்டும் என்று எண்ணி அறுவடைச் சோதனையில் பலமுறை எடையைக் குறைத்து எழுதச் செய்திருந்தார்கள் என்றும், அதனால் சராசரி 1,700 கிலோவாக இறங்கிவிட்டது என்றும் கொள்வோம். உத்தரவாத விளைச்சல் 1,360 கிலோ ஆகிவிடும். உண்மையான வெள்ளம் வந்து 1,200 கிலோ கண்ட வருஷத்தில், குறைவு 160 மாத்திரமே. ஏக்கருக்குச் சுமார் 4,235 ரூபாய்தான் கிடைக்கும். பொய்க் கணக்கு எழுதியவர் அப்போது நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போயிருக்கலாம். நஷ்டம் ஊரில் இருப்பவர்களுக்கே. எனவே அறுவடைச் சோதனை நடக்கும் தேதியை முன்னதாக விசாரித்தறிந்து, நிலச்சுவான்தார்கள் இருவர் மூவராவது நேரில் நின்று எடையைக் கண்டு குறித்துக்கொள்வது நல்ல வழக்கம். சோதனையாளருக்கும் அது பாதுகாப்பு.

அறுத்து வயலில் பரப்பி உலர வைத்த பயிர் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவந்தவறிய மழையாலோ கெட்டால், அது தனி வயலுக்கு உரிய நஷ்டமாகக் கருதப்படும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு ஆகியவையும் அப்படியே. இவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். சர்வே எண், பயிர், சேதம் நேர்ந்த தேதி, அன்றைய மழையளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதினால், விசாரணைக்கு வருபவர் வேலை எளிதாகும். பக்கத்து ஊர் மழைமானியின் கணக்கும் அதையே சொன்னால் மறுப்பதற்கு இடமில்லை.

வெள்ளம் வடிந்தவுடன் செய்யவேண்டிய காரியம் ஒன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது. நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்குச் சுவர்களில் படிந்த சேற்றுக் கோடே அடையாளம். வெள்ளையடித்தால் அது போய்விடும். சில சமயம் ஒரு நல்ல மழையே கழுவிவிடும். ஆகையால் நீர் வடிந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள், பள்ளிக்கூடம், சாவடி, மதகு, பாலத்தின் தூண் ஆகிய அசையாத கட்டடங்களில் நான்கைந்து இடங்களில் அக்கோட்டின் மேல் உளியால் ஒரு கீறலிட்டு, வருஷமும் தேதியும் பொறித்துவிட வேண்டும். தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் ஒரு பிரதியும், நீர்வள இலாகாப் பொறியாளருக்கு ஒரு பிரதியும் எழுதிக் கொடுப்பது முறை. முந்திய வெள்ளங்களின் அடையாளங்கள் ஏதேனும் ஊரில் இருந்தால், அவற்றையும் சேர்த்து அளந்து எழுதுக.